இரை விழும் நேரம்

கரையில் ஒருவருக்கு நல்ல மீன் மாட்டிவிட்டால், சுற்றி நிற்பவர்கள் ஓடி வந்து கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன நிறம் போட்டீர்கள்?" நான் பதினோரு ஆண்டுகளாகப் பாஸ் என்னும் நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், எத்தனையோ பேருக்குப் பதிலும் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு எடை கட்டினீர்கள், இரை அடியைத் தொட எத்தனை நொடி ஆனது, தூண்டில் நரம்பைத் தளர விட்டீர்களா இழுத்துப் பிடித்தீர்களா என்று மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரு மரப்பாலத்தின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் "என்ன நிறம்?" என்ற கேள்வி காதில் விழும்போதெல்லாம் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. கேட்பவர் கையைப் பிடித்து அந்தப் பாலத்துக்கு அழைத்துப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. அது முடியாததால் எழுதுகிறேன்.

அதுவரை என் பெட்டி இருந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். இரையாகப் போடும் ரப்பர் புழுக்கள் மட்டும் பதினான்கு நிறங்களில் இருந்தன. பாசிப் பச்சை, அதில் கறுப்புப் பொடி தூவியது, சிவப்புப் பொடி தூவியது, தர்ப்பூசணி விதையின் நிறம், கறுப்பு, கறுப்போடு நீலம் கலந்தது, கத்தரிப்பூ நிறம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அறையில், ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறாதபடி அடுக்கப்பட்டிருக்கும். ஈயக்குண்டுகளோ பெட்டியின் மூலையில் ஒரு சிறிய டப்பாவுக்குள், எல்லா எடையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கைக்கு அகப்பட்டதைக் கோத்துவிடுவேன். பெரும்பாலும் அது 10 கிராம் எடையுள்ள, தோட்டா வடிவக் குண்டாகவே இருக்கும். தூரமாகப் போய் விழும், காற்றுக்கு அசையாது, அடியைத் தொட்டதும் தூண்டில் கோலின் பிடிவரை அதிர்வு ஏறி வரும். அதனால் அது எனக்குப் பிடித்த எடை. அது மீனுக்கும் பிடித்த எடையா என்பதை நான் யோசித்ததே கிடையாது.

நிறத்தை நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீர் ஒளியைச் சமமாக விழுங்குவதில்லை. தெளிந்த நீரில் ஆழம் போகப் போகச் சிவப்புதான் முதலில் மங்கி, வெறும் கருமையாகிவிடும். பாசி கலந்த நீரில் பச்சைதான் அதிக தூரம் ஊடுருவும். கலங்கல் நீரில் அழுத்தமான கறுப்பு நல்ல நிழலுருவம் தரும். இவையெல்லாம் உண்மையே. ஆனால் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருவாய் பாஸின் கண்ணை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தபோது என் பதினான்கு அறைகளும் கண்முன் வந்து நின்றன. அந்த மீனுக்கு நிறம் காட்டும் செல்கள் இரண்டே வகை. ஒன்று பச்சையை உணர்கிறது, மற்றது சிவப்பை. சிவப்பையும் பச்சையையும் அது தெளிவாகப் பிரித்தறிகிறது. ஆனால் பளிச்சென்ற இளம்பச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொள்கிறது, நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொள்கிறது. கறுப்பா, கறுப்போடு நீலமா என்று விடியற்காலையில் விளக்கொளியில் நான் நின்று தேர்ந்தெடுத்த நேரமெல்லாம் மீனின் கண்ணில் ஒரே பொருளாகத்தான் இருந்திருக்கும்.

இருந்தும் அந்த ஆய்வு என் பழக்கத்தை மாற்றிவிடவில்லை. படித்தது தலையில் தங்கியது, கை பழைய வழியிலேயே போனது. கையை மாற்றியது அந்தப் பாலம்தான்.

பாலத்தின் மேல்

வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்த காலம் அது. தூண்டில் வீச முடியாது. என்னுடன் வழக்கமாக வரும் நண்பர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் அழைப்பேன். "வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய் தம்பி, சும்மா வா" என்று அவர் அழைத்ததால் போனேன். ஏரியின் ஒரு குறுகிய கை நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் இடத்தில் நடப்பவர்களுக்காக ஒரு மரப்பாலம் உண்டு. நீர்மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று அதிகம். அதன் அடியில் எப்போதோ விழுந்த ஒரு மரம் மூழ்கிக் கிடக்கிறது. அங்கே ஆழம் இரண்டரை மீட்டர் இருக்கும். அண்ணா கரையில் இருபது அடி தள்ளி நின்றார். நான் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, என் நிழல் நீரில் விழாதபடி நின்றுகொண்டேன். காற்று இல்லை. நீரின் மினுக்கத்தை அறுக்கும் போலராய்டு கண்ணாடி அணிந்திருந்தேன். சில நிமிடங்களில் கண் பழகியதும், அதுவரை மரத்தின் நிழல் என்று நினைத்தவை ஒவ்வொன்றாக மீன்களாக மாறின. மொத்தம் ஐந்து. பக்கவாட்டில் ஓடும் கறுப்புப் பட்டை தெரிந்தது. நான்கு மீன்கள் கிளைகளுக்கு இடையில் மேலும் கீழுமாக நின்றன. ஐந்தாவது மற்றவற்றைவிட வெகுவாகப் பெரியது. அடிமரத்தை ஒட்டித் தரையோடு தரையாகக் கிடந்தது.

அண்ணாவின் முதல் வீச்சு மரத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சரியாக விழுந்தது. பாசிப் பச்சைப் புழு, 10 கிராம் குண்டு. புழு நீரைத் தொட்டதும் இரண்டு மீன்கள் ஒருசேரத் தலையைத் திருப்பின. அதைக் கண்டு என் நெஞ்சு படபடத்தது. ஆனால் அவை உடலைத் திருப்பி முடிப்பதற்குள், நான் மனத்துக்குள் இரண்டு எண்ணி முடிப்பதற்குள், புழு தலைகுப்புற இறங்கி அடிச் சேற்றில் விழுந்துவிட்டது. சிறு புகைபோலச் சேறு எழுந்து அடங்கியது. இரண்டு மீன்களும் அது விழுந்த இடத்தை மேலிருந்தே பார்த்தன. துடுப்புகள் மட்டும் மெல்ல அசைந்தன. அண்ணா கோலின் நுனியைத் தூக்கினார். புழு ஓர் அடி எழும்பி உடனே மீண்டும் தொப்பென்று விழுந்தது. ஒரு மீன் அரை அடி முன்னே வந்தது, நின்றது, வந்த வழியே பின்னால் நகர்ந்து தன் கிளையருகே போய் நின்றுகொண்டது. இதில் எதுவுமே கரையில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் கைக்குத் தெரிந்தது அடி தொட்ட அதிர்வு மட்டும். நான்கு வீச்சுக்குப் பிறகு அவர் சொன்னார்: "இங்கே மீனே இல்லை தம்பி. இடம் மாறலாம்."

நான் ஐந்து என்று விரலைக் காட்டினேன். அவர் நம்ப மறுத்து மேலே வந்து பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். இறங்கியதும் செய்த முதல் காரியம், நானும் அந்த இடத்தில் செய்திருக்கக்கூடிய காரியம்தான்: நிறத்தை மாற்றினார். கறுப்பு போட்டார். பிறகு கத்தரிப்பூ நிறம். மீன்களின் நடத்தை இம்மியும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் தலை திரும்பியது, ஒவ்வொரு முறையும் அவை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேலிருந்து பார்த்தவனுக்கு நிறம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. கண்ணை உறுத்தியது வேறு. மீன்கள் முடிவெடுக்க ஒரு நேரம் தேவைப்படுகிறது, அந்த நேரத்தை நாம் கொடுக்கவில்லை. "அண்ணா, நிறத்தை விடுங்கள். எடையை மாற்றிப் பாருங்கள்" என்றேன். அவருக்கு மனமில்லை. கையிலிருந்த தடித்த கோலில் இலேசான இரையை வீசவே முடியாது, நரம்பு சுற்றிய உருளையே சுழலும் ரீலில் அது சிக்கலாகிவிடும். கடைசியில் பையிலிருந்து மெல்லிய கோலை எடுத்து, 3.5 கிராம் குண்டைக் கோத்து, அதே கத்தரிப்பூ நிறப் புழுவைப் போட்டார்.

அந்தப் புழு இறங்கிய காட்சியை நான் இன்றும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். தலைகுப்புற விழவில்லை. சற்றே சாய்ந்து, வால் நடுங்க, வழியெல்லாம் தயங்கித் தயங்கி இறங்கியது. முன்பு திரும்பிய அதே மீன் திரும்பியது. இம்முறை அதற்கு நேரம் இருந்தது. புழுவுக்குக் கீழே போய், அது இறங்க இறங்கத் தானும் பின்வாங்கி, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டே கூட வந்தது. நான் மூன்று எண்ணினேன். செவுள்மூடிகள் ஒருமுறை விரிந்தன. புழு இல்லை. மீன் பாயவில்லை, திரும்பவில்லை, தண்ணீர் கலங்கவில்லை. புழு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவே. கரையைப் பார்த்தேன். அண்ணா அமைதியாக நின்றுகொண்டிருந்தார். கோலின் நுனி அசையவே இல்லை. "எடுத்துவிட்டது!" என்று கத்தினேன். நான் கத்தி முடிப்பதற்குள் மீன் வாயைத் திறந்து புழுவைத் துப்பிவிட்டது. அவர் சுண்டி இழுத்தபோது வெறும் புழு நீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. "எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே" என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

எடை குறைந்தால் மீன் வாங்குகிறது. ஆனால் வாங்கியது நமக்குத் தெரிவதில்லை. இந்த இரண்டாவது பாதியை நான் கவனித்திருக்காவிட்டால் முதல் பாதியால் எந்தப் பயனும் இல்லை. பாஸ் மீன் பல்லால் கடித்து இழுப்பதில்லை. வாயைத் திறந்து, செவுளை விரித்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது முடிந்துவிடும். நரம்பு தளர்ந்திருக்கும்போது அந்த உறிஞ்சல் கைக்கு வந்து சேராது. அடுத்த வீச்சில் அண்ணா கையை நம்பாமல், நரம்பு நீருக்குள் நுழையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது எண்ணிக்கையில் அந்த இடத்தில் நரம்பு ஒரு விரற்கடை பக்கவாட்டில் துள்ளியது. அவர் சுண்டினார். கோல் வளைந்தது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான மீன். தூண்டில் முள்ளைக் கழற்றி நீரில் விட்டுவிட்டு, ஈரக் கையோடு அப்படியே என்னை அண்ணாந்து பார்த்தார்.

நிறமா, எடையா

அன்று மதியமே எங்களுக்குள் வாதம் தொடங்கியது. மூன்றாவதாகப் போட்ட கத்தரிப்பூ நிறத்தில்தான் மீன் விழுந்தது, ஆகவே நிறம்தான் காரணம் என்றார் அண்ணா. நியாயமான மறுப்புதான். அதனால் வாதத்தைத் தண்ணீரிடமே விட்டோம். முதலில் போட்ட பாசிப் பச்சையையே 3.5 கிராமில் போட்டார். இரண்டாவது மீன் வந்து வாங்கியது. அதே புழுவை மறுபடி 10 கிராமில் போட்டார். மீன்கள் பார்த்தன, வரவில்லை. திரும்ப 3.5 கிராம். ஒரு மீன் கூடவே வந்து முகர்ந்துவிட்டுப் போனது, வாங்கவில்லை. ஏற்கெனவே மாட்டி விடுபட்ட மீன்கள் உஷாராகிவிட்டன, அதனால் பிற்பாடு நடந்தவற்றை முழுக்கக் கணக்கில் எடுக்கக்கூடாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இலேசான இரைக்குப் பக்கத்தில் மீன் வந்து நின்ற தூரத்தையும், கனமான இரையிடமிருந்து அவை ஒதுங்கி நின்ற தூரத்தையும் நேரில் பார்த்தவன் நான். அண்ணா இன்றும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவருடைய பெட்டியில் இப்போது குண்டுகளுக்குத் தனித்தனி அறைகள் இருக்கின்றன.

பிறகு யோசித்துப் பார்த்தால், இது புதிய விஷயமே இல்லை, கண்ணுக்கு முன்னால் கிடந்ததைத்தான் நான் பார்க்கவில்லை என்று புரிந்தது. ரப்பர் புழுவின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949இல் தம் வீட்டிலேயே பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து உருவாக்கியது அது. ஆனால் உலகெங்கும் அந்தப் புழுவைப் போடும் முறைக்கு வழங்கும் பெயர் டெக்ஸாஸ் ரிக். முனை கூம்பிய குண்டை நரம்பில் ஓட விட்டு, முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள் மறைத்து, கிளைகளுக்கு நடுவே சிக்காமல் இறக்கும் முறை. புழு பிறந்த ஊரின் பெயர் நிற்கவில்லை, அதைத் தண்ணீருக்குள் இறக்கக் கற்றுக்கொண்ட இடத்தின் பெயர் நின்றுவிட்டது. கேரி யமமோட்டோ என்பவரின் சென்கோ என்ற ரப்பர் இரை இன்னும் தெளிவான சான்று. பார்த்தால் ஒரு குச்சி. வால் இல்லை, கால் இல்லை, கண்கூட இல்லை. ஆனால் உள்ளே உப்பு கலந்து வார்த்திருப்பதால் குண்டே கட்டாமல் போட்டாலும் தானாக மூழ்கும். மூழ்கும்போது படுக்கைவசமாக, இரு முனைகளும் மெல்ல நடுங்க இறங்கும். அந்தக் குச்சியில் இருப்பதெல்லாம் அந்த இறக்கம் ஒன்றுதான். அதை எத்தனையோ முறை போட்டு எத்தனையோ மீன் பிடித்திருக்கிறேன், அப்போதும் அதன் நிறத்தைத்தான் குறித்து வைத்தேன்.

இப்போது நான் முடிவெடுக்கும் வரிசை தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் நிறம், பிறகு இரையின் வடிவம், பிறகு கையில் இருக்கும் கோல், கடைசியில் ஏதோ ஒரு குண்டு. இன்று, நீரின் ஆழம் எவ்வளவு, மீன் எந்த மட்டத்தில் நிற்கும், அதன் முன்னால் இரை எத்தனை நொடி இருக்க வேண்டும் என்பதில் தொடங்குகிறேன். அதிலிருந்து எடை வருகிறது. எடையிலிருந்து மற்றவை தாமாக வந்துவிடுகின்றன. 5 கிராமுக்குக் கீழே என்றால் உருளை சுழலாத ஸ்பின்னிங் ரீலும் மெல்லிய நரம்பும். 10 கிராமுக்கு மேலே என்றால் உருளையே சுழலும் பெய்ட்காஸ்டிங் ரீலும் விறைப்பான கோலும். எந்தக் கோல் வாங்குவது என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும்போது, நீங்கள் எந்த எடையை வீசப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். கோலின் பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எடை அளவுதான் அந்தக் கோலைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. கடைகளில் அதை வாசித்துப் பார்க்காமலே பலர் வாங்கிச் செல்வதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நரம்பையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பு நீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தி கொண்டது, தானே மூழ்கி இரையையும் கூட இழுத்துக்கொண்டு இறங்கும். நைலான் நீரைவிடச் சற்றே கனம், அதனால் இறக்கம் மெதுவாகும். பின்னல் நரம்பு மிதக்கும். நரம்பு தடிக்கத் தடிக்க நீர் அதைப் பிடித்து நிறுத்தும், மெலிய மெலிய இரை விரைவாக இறங்கும். டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதே எடையில் உருவம் சிறுத்துவிடுவதால் நீர் தடுப்பதும் குறைகிறது, இன்னும் வேகமாக விழும். ஆகவே ஈயத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாறுபவர்கள் எடையையும் ஒரு படி குறைக்க வேண்டும். மாறுவது நல்லது என்பதுதான் என் கருத்து. அறுந்து விழுந்த ஈயக்குண்டுகளை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் மடிந்ததால் இங்கிலாந்தில் 1987இலேயே சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. விலை கூடுதல்தான், ஆனால் நம் பொழுதுபோக்குக்காக ஒரு பறவை சாகவேண்டியதில்லை.

எடையைவிடவும் கைக்குக் கடினமாக வந்த பாடம் நரம்பின் தளர்ச்சி. இரை விழும்போது நரம்பை இறுக்கிப் பிடித்தால், அது நேராக இறங்காமல் ஊஞ்சல்போல நம்மை நோக்கி வளைந்து வந்துவிடும். மரத்தின் ஓரம் போட்ட இரை அடியைத் தொடும்போது மரத்தைவிட்டு வெகுதூரம் வந்திருக்கும். முழுக்கத் தளர விட்டால் நேராக இறங்கும், ஆனால் மீன் வாங்கியது தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில், நரம்பில் மெல்லிய தொய்வு இருக்கும்படி கோலின் நுனியை இரையோடு சேர்த்துத் தாழ்த்திக்கொண்டே வர வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. மணிக்கட்டு ஆறிய பிறகு எனக்கு இது கைவர ஒரு பருவம் முழுவதும் ஆனது. அதோடு எண்ணும் பழக்கமும் வந்தது. முதல் வீச்சில் அடி தொட எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். ஆறு என்றால், அடுத்த வீச்சில் நான்கிலேயே நரம்பு ஓடாமல் நின்றுவிட்டால், அது அடியைத் தொடவில்லை. ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. காத்திருக்கக் கூடாது.

கனம் வேண்டிய நாட்கள்

இதைப் படித்துவிட்டு எல்லாரும் குண்டுகளைக் களைந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெதுவாக விழுவதுதான் எப்போதும் சரி என்று பிடிவாதமாக ஒரு கோடை முழுவதும் வெறுங்கையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நீர்ப்பூண்டு மேலே பாய் விரித்தாற்போல் அடர்ந்திருக்கும் இடத்தில் 30, 40 கிராம் இல்லாமல் இரை உள்ளேயே போகாது. அங்கே அடியில் நிழலில் நிற்கும் மீன், திடீரென்று மூக்கின் முன்னால் விழுந்ததை யோசிக்காமல் எடுக்கிறது. வெதுவெதுப்பான நீரில் அதன் உடல் வேகமாக இயங்குகிறது, அதற்கு முடிவெடுக்கும் நேரமும் குறைவு. நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தபின் அதே மீன் ஒரு முழம் நகர்வதற்கே கணக்குப் பார்க்கும். அப்போது நீரின் நடுவில் அசையாமல் தொங்கி நிற்கும் ஜெர்க்பெய்ட் என்ற சிறுமீன் வடிவ இரையைப் போட்டுவிட்டுப் பத்து, பதினைந்து நொடி கையை அசைக்காமல் இருக்க வேண்டியிருக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குளிர்ந்த நீருக்கு அடர்த்தி அதிகம். கோடையில் சரியாகத் தொங்கிய அதே இரை குளிர்காலத்தில் மெல்ல மேலே எழும்பிவிடும். முள்ளின் தண்டில் சிறிது உலோகக் கம்பியைச் சுற்றித்தான் அதை மீண்டும் நிறுத்த வேண்டும். ஒரு கிராமுக்கும் குறைவான திருத்தம் அது, ஆனால் குளிர்காலத்தில் அந்தத் திருத்தத்தைச் செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அனுபவித்திருக்கிறேன்.

வசந்த காலத்தில் நீர் 16 டிகிரியைத் தாண்டியதும் ஆண் மீன்கள் ஆழம் குறைந்த இடத்தில் குழி பறித்து முட்டைகளைக் காக்கும். அந்தக் குழிக்குள் எந்த எடையில் எதைப் போட்டாலும் அது எடுத்து அப்புறப்படுத்தும், பசிக்காக அல்ல. அந்த மீனைத் தூக்கிவிட்டால், அது திரும்பி வருவதற்குள் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். அந்த வாரங்களில் குழிகளை விட்டு விலகிப் போய்விடுவேன்.

அடிமரத்தை ஒட்டிக் கிடந்த அந்த ஐந்தாவது மீனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று காலை முழுவதும் மற்ற நான்கும் எத்தனையோ முறை திரும்பிப் பார்த்தபோதும் அது ஒருமுறைகூடத் தலையை அசைக்கவில்லை. புழு அதன் முகத்துக்கு இரண்டடி அருகில் விழுந்தபோதும் துடுப்புகள் அதே தாளத்தில் அசைந்துகொண்டிருந்தன. இல்லினாயில் ரிட்ஜ் ஏரி என்ற சிறிய ஏரியில் 1970களில் ஒரு சோதனை தொடங்கினார்கள். பிடிபட்ட ஒவ்வொரு பாஸையும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஏரியை வடித்தபோது 1,700க்கும் மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றில் ஏறத்தாழ 200 மீன்கள் அதுவரை ஒருமுறைகூடத் தூண்டிலில் மாட்டாதவை. அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து, தூண்டிலுக்கு மாட்டும் இயல்பும் மாட்டாத இயல்பும் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு இறங்குகின்றன என்று கண்டு, 2009இல் அதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தபோதெல்லாம் எனக்கு அடிமரத்து மீன்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது நாங்கள் இடம் மாறியிருக்கிறோம். அந்தப் பாலத்துக்குப் போனால் அண்ணா மேலே நின்று பார்ப்பார், நான் கரையிலிருந்து வீசுவேன். அந்தப் பெரிய மீன் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. 3.5 கிராம் போட்டேன், பிறகு 2.6. சென்ற வாரம் 1.8 கிராம் குண்டைக் கோத்து, கைவலிக்கும் அளவுக்கு மெதுவாகத் தாழ்த்தினேன். பதினொன்று எண்ணும்வரை புழு இறங்கிக்கொண்டிருந்தது.

"திரும்பியதா அண்ணா?"

"இல்லை. ஆனால் இந்த முறை துடுப்பு நின்றது தம்பி. ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி அசைகிறது. குண்டைக் கழற்றிவிட்டு வெறும் புழுவைப் போடு."

நான் கத்தரிக்கோலை எடுத்து நரம்பை வெட்டினேன்.